என் தங்கையின் ரோட்டில் நின்ற பலாமரம்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் அன்று லாரியில் ஏறியவர்கள்: டிரைவர், அவருக்குப் பக்கத்தில் என் தங்கை கோமதி, அவளுக்குப் பக்கத்தில் நான், பின்னால் சிமென்ட் மூட்டைகளின் மேல் மேஸ்திரி பழனிசாமி, சர்வேச் சங்கிலி பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர், சந்தைக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்புகிற புருஷன் பெண்டாட்டி, அவர்களுடைய கோழி ஒன்று. ஏறும்போதே எண்ணி மனத்தில் வைத்துக்கொண்டேன். ஏதாவது ஆகிப்போனால் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார்கள், சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆளும் லாரிக்குள்தான் இருப்பாள் என்பது இரண்டாவது வளைவில்தான் எனக்குத் தோன்றியது.

நான் மாயவரத்துக்காரி. எங்கள் பக்கத்தில் உயரம் என்றால் கோயில் கோபுரம். ரோடு என்பது வாய்க்காலின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதோடு முடிந்துவிடும், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே ரோடு போன வழியிலேயே திரும்பி வருகிறது. கீழே பார்த்தால் சற்று முன் நாம் போன ரோடு. மேலே பார்த்தால் இனிப் போகப்போகிற ரோடு. எது வந்தது, எது வரப்போவது என்று எனக்குக் குழம்பிவிட்டது. ஒரு வளைவில் லாரி ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்பக்கமாகப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. மேஸ்திரி குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னாலிருந்து பேச்சு கேட்டது. கோழிக்காரியின் குரல். "அந்தம்மா எதுக்குங்க கண்ண மூடிக்குது?"

"கண்ண மூடிக்கிட்டா பள்ளம் இருக்காதாமா," என்றான் அவள் புருஷன்.

கோமதி சிரித்தாள். அவள் கண்ணைத் திறந்துகொண்டு, வளைவின் உள்பக்கம் எவ்வளவு அகலம் என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோமதி என்னைவிடப் பதினோரு வயது இளையவள். என்னை ஆறாம் வகுப்பில், பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அவள் முறை வந்தபோது காலம் மாறியிருந்ததா, அப்பா மாறியிருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளை யாரும் நிறுத்தவில்லை. திருச்சியில் இன்டர்மீடியட் படித்தாள், பிறகு சென்னையில் இன்ஜினீயரிங் காலேஜ். வகுப்பில் அவளோடு சேர்த்து இரண்டே பெண்கள். அவர்களுக்கு ஹாஸ்டல் கிடையாது என்றதால் மாம்பலத்தில் பெரியப்பா வீட்டிலிருந்து போய்வந்தாள். பட்டறை வகுப்பில் இரும்பு அடிக்கும்போது புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். லீவுக்கு வந்தபோது உள்ளங்கையைக் காட்டினாள். காய்த்துப் போயிருந்தது. அம்மா அழுதாள். உலக்கை பிடித்து எனக்கும் அந்த மாதிரிக் காய்ப்பு உண்டு. அதைப் பார்த்து யாரும் அழுததில்லை, நான் உள்பட.

பாஸானதும் வேலை கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலை சேலம் ஆபீசில் வரைபடங்களின் ஓரத்தில் எழுத்து எழுதுவது. மற்றவர்கள் போடுகிற ரோடுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டே ஒரு வருஷம் போயிற்று. வெளிவேலை வேண்டும் என்று கேட்டபோதெல்லாம், முகாமில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் கொல்லிமலையில் இருந்த இன்ஜினீயர் மலைக்காய்ச்சலில் போர்வையோடு கீழே இறங்க, அந்த இடம் இவளுக்கு வந்தது. அதுவும் ஒரு கெடுவோடு. மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அதில் வளப்பூர் நாட்டுக்குள் ரோடு போகவேண்டிய வழியை, பெரிய இன்ஜினீயர் வந்து பார்ப்பதற்குள், முளையடித்து, மரம் செடி நீக்கி, கடைசி ஊர்வரை தெளிவாக வைக்க வேண்டும். வைத்தால் இங்கேயே இருக்கலாம். வைக்காவிட்டால் மறுபடியும் எழுத்து எழுதப் போகவேண்டும், பிறகு வெளிவேலை என்ற பேச்சை எடுக்கவே கூடாது. அவர் வருவதற்கு மூன்று நாள்தான் இருந்தது.

நான் எதற்கு வந்தேன் என்றால், துணைக்கு. அது கோமதிக்குத் தெரிந்த காரணம். அம்மா என் காதில் சொல்லியனுப்பிய காரணம் வேறு. கும்பகோணத்தில் ஒரு பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். பெண் இன்ஜினீயர் என்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, மலையில் ஆண்களோடு சங்கிலி பிடிக்கிறாள் என்பதில்தான். நல்ல வார்த்தை சொல்லி ஆபீசுக்கே திரும்பச் சொல்லு என்றாள் அம்மா. ஆகவே லாரி ஆடும்போதெல்லாம் நான் வைத்தீஸ்வரன் கோயிலை நினைத்து வேண்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். இவள் காரியம் முடியவேண்டும் என்று வேண்டுவதா, முடியக்கூடாது என்று வேண்டுவதா என்று தெரியவில்லை. லாரி மட்டும் விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதில் குழப்பம் இல்லை.

லாரி போகிற ரோடு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடை. முகாம் என்பது தகரக் கூரை போட்ட கொட்டகை. சமைத்துப்போட வெள்ளச்சி என்று ஒருத்தி. பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரரான சடையன் என்பவரின் மனைவி. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்திருந்தாள். சாமைச் சோற்றை நான் முதன்முதலில் அன்றுதான் சாப்பிட்டேன். அரிசிச் சோறு மாதிரியும் இருக்கிறது, இல்லை மாதிரியும் இருக்கிறது. குழம்பில் பச்சை மிளகைக் கொத்துக்கொத்தாகப் போட்டிருந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெள்ளச்சி பயந்துபோய், "ஏனுங்க அம்மிணி, ஊட்டு நெனப்பா?" என்றாள். மிளகு என்று சொன்னால் அவள் மனம் நோகுமே என்று, ஆமாம் என்றேன். பிறகு உண்மையிலேயே வீட்டு நினைப்பு வந்துவிட்டது. மாமியார் குழந்தைகளுக்கு மோரை ஊற்றி ஊற்றிச் சளி பிடிக்க வைத்திருப்பாள்.

மறுநாள் காலையில் நானும் அவர்களோடு போனேன். கொட்டகையில் தனியாக இருக்கப் பயம். கோமதி புடவையைத் தூக்கிச் செருகி, காலில் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கழியில் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு அதன் வழியே பார்ப்பாள். எதிரே ஒரு ஆள் பலகை பிடித்துக்கொண்டு மேலே போ, கீழே வா என்கிறபடி நகர்வான். பலகை குழாயில் சரியாகத் தெரிகிற இடத்தில் முளை அடிப்பார்கள். ஏற்றம் எங்கேயும் ஒரே மாதிரி இருக்கவேண்டுமாம், பஸ் ஓரிடத்திலும் மூச்சு வாங்கக் கூடாதாம். மலைக்காரர்கள் அவளை ஓவர்சியரம்மா என்று கூப்பிட்டார்கள். ஓவர்சியர் வேறு, இன்ஜினீயர் வேறு என்று அவள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். "ஆமாங்க ஓவர்சியரம்மா," என்றார்கள்.

மத்தியானத்துக்கு முன் முளை வரிசை ஒரு பலாமரத்தில் வந்து முட்டியது. நான் பார்த்த பலாமரங்களிலேயே பெரியது. அடிமரத்திலிருந்து கிளைவரை காய், பழுத்ததும் பழுக்காததுமாக. மரத்துக்கு மேல்பக்கம் ஒரே பாறை. கீழ்ப்பக்கம் ஓடை விழுகிற பள்ளம். ரோடு அந்த மரம் நிற்கிற இடத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும், வேறு வழியில் ஏற்றம் கெட்டுவிடும் என்றாள் கோமதி. வயல் சடையனுடையது. முன்பிருந்த இன்ஜினீயர் அவரிடம் கேட்டு, சம்மதம் என்று கைநாட்டும் வாங்கி வைத்திருந்தார். மரத்துக்கு அப்பால் கடைசி ஊர்வரை முளையும் அவரே அடித்துவிட்டுப் போயிருந்தார், இந்தத் துண்டுதான் பாக்கி. சடையனும் அங்கேயே நின்றார்.

மேஸ்திரி பழனிசாமி, கூலிக்கு வந்திருந்த மலைக்காரக் கோடாலிக்காரர்களைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்றார்.

"ஆரம்பிக்கலாமுங்க," என்றார்கள் எல்லாரும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெற்றிலை போட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரி மறுபடியும் சொன்னார். வெட்டிரலாமுங்க, அதுக்கென்னங்க என்றார்கள். ஒருவர் கோடாலியை எடுத்து, கூர் பார்த்து, மறுபடி கீழே வைத்தார். சடையனைக் கேட்டால், என்னோட நெலந்தானுங்க, நான் ஒண்ணும் சொல்லலீங்களே என்றார். யாரும் மறுக்கவில்லை, யாரும் செய்யவும் இல்லை. எங்கள் ஊரில் ஆள்கள் வேலை செய்யாவிட்டால் முதலில் சத்தம் கேட்கும். இங்கே இவ்வளவு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றார் மேஸ்திரி. அரை ரூபாய் கூட்டித் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். சந்தோசமுங்க என்றார்கள். எழுந்திருக்கவில்லை. மரத்தில் சாமி இருக்கிறதோ என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள், ஆகவே சாமியும் இல்லை.

பொழுது சாய்ந்தது. கோமதி கொட்டகைக்கு வந்து ஷூவின் மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மண் போன பிறகும் தட்டினாள்.

நான் அடுப்படிக்குப் போய் வெள்ளச்சியோடு மரவள்ளிக் கிழங்கு உரித்தேன். உங்கள் வீட்டுக்காரர் மரத்தை வெட்டச் சம்மதம் என்கிறார், ஆட்களும் சம்மதம் என்கிறார்கள், பிறகு ஏன் என்று கேட்டேன். அவள் கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நெலந்தானுங்க அவருது. மரம் நாத்தனாருது."

நாத்தனார் என்றால் சடையனின் தங்கை சீரங்காயி, திருப்புலி நாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். நிலம் மகனுக்கு, காய்க்கிற மரம் மகளுக்கு என்று அவர்கள் அப்பன் கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் சொல்லிப் பிரித்துக் கொடுத்தாராம். வருஷா வருஷம் ஆனி மாதம் சீரங்காயி பிள்ளைகளோடு வந்து, அண்ணன் வீட்டில் தங்கி, மரத்தடியில் பழம் அறுத்துக்கொண்டு போவாள். அவள் வாயால் சொல்லாமல் அந்த மரத்தில் யாராவது கோடாலி வைத்தால் அதோடு அண்ணன் வீடு அவளுக்கு இல்லை. சாவுக்கும் வரமாட்டாள். கோடாலி வைத்தவன் வீட்டிலும் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். வெள்ளச்சிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நெலம் யாருதுன்னு கேட்டாங்க, சொன்னாங்க. மரம் யாருதுன்னு யாருங்க கேட்டாங்க? நெலத்துக்காரனே மரத்துக்காரனாவும் இருப்பானா?"

எங்கள் ஊரில் நிலத்தோடு சேர்ந்ததுதான் மரம், கிணறு, வைக்கோல்போர், எல்லாம்.  ஓடிப்போய்க் கோமதியிடம் சொன்னேன். அவள் ஷூவைக் கீழே போட்டாள். ஆளனுப்பி அந்தம்மாவை வரவழைக்கலாம் என்றார் மேஸ்திரி. அது நடக்காது என்று, வெள்ளச்சியைக் கூட்டிப்போக வந்திருந்த சடையன் தரையைப் பார்த்தபடி சொன்னார். மரம் வேண்டும் என்கிறவர்கள்தான் மரத்துக்காரி வாசலுக்குப் போய்க் கேட்க வேண்டும். அவர் கேட்க முடியாது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது போலாகும்.

"அப்ப நான் போறேன்," என்றாள் கோமதி.

எனக்கு அந்த நேரத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது: போகாதே, விட்டுவிடு, பெரிய இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு ஆபீசுக்கே போ என்று சொல்லட்டும், கும்பகோணத்துக்குத் தந்தி கொடுத்துவிடலாம். அம்மா சொல்லச் சொன்ன நல்ல வார்த்தைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "தனியாப் போகாதடி, நானும் வரேன்," என்பது. ஏன் அப்படி வந்தது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாம் நாள் திருப்புலி நாட்டுக்கு நடந்தோம். வழிகாட்ட ஒரு ஆள் வருவதாகச் சொல்லி வரவில்லை. வழியில் பார்த்தவர்களையெல்லாம் கேட்டோம். எல்லாரும் கிட்டத்தானுங்க என்றார்கள். ஒரு மேடு ஏறி இறங்கிய பிறகு இன்னொருவர் கிட்டத்தானுங்க என்றார். கேழ்வரகுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், நாங்கள் வந்த வழியையே கையால் காட்டி அதுதான் திருப்புலி நாட்டுக்கு வழி என்றபோது நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் செருப்பு வார் அங்கேதான் அறுந்தது. அவர் கத்தாழை நாரை உரித்துக் கட்டிக்கொடுத்தார். மடியிலிருந்து கடலை மாதிரி எதையோ எடுத்துத் தந்தார். சுட்ட பலாக்கொட்டை. காய்ச்சல் வருமோ என்று யோசித்துக்கொண்டே தின்றுவிட்டேன். பேதி மாத்திரையும் மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரையும் பையில்தான் இருந்தன. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாமா என்று கேட்க ஆளில்லை.

சீரங்காயி மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நாங்கள் யார் என்று சொன்னோம். நிமிரவில்லை. "ஷூ போட்ட பொம்பள ஒருத்தி மரங்கேக்க வாராண்ணு நேத்தே சேதி வந்துருச்சு," என்று சொல்லிக்கொண்டே அடுத்த செடியை ஆட்டினாள். சேதி கிட்டத்து வழியாக வந்திருக்கும் போலிருக்கிறது.

அவள் கேட்டதெல்லாம் வேறு. சம்பளம் என்ன, அதை யார் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கீழே எத்தனை ரோடு போட்டிருக்கிறாய். கோமதி, இதுதான் முதல் ரோடு என்றாள். நான் அவள் கையைக் கிள்ளினேன். எதற்கு உள்ளதைச் சொல்கிறாள்.

"உனக்கு உங்கப்பன் ஊட்டுல என்ன கண்ணு குடுத்தாங்க?"

"படிப்பு," என்றாள் கோமதி.

சீரங்காயி என் பக்கம் திரும்பினாள். "உனக்கு அம்மிணி?"

நான் யோசித்தேன். எட்டு பவுன் போட்டார்கள், பாத்திரம் கொடுத்தார்கள், பவுன் என் நாத்தனார் கல்யாணத்துக்குப் போயிற்று, பாத்திரத்தில் பாதி மாமியார் பெயர் வெட்டியிருக்கிறது. கிழங்கு மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

கோமதி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மரம் நின்றால் ரோடு அங்கேயே நின்றுவிடும், வளப்பூர் நாட்டுக்குள் பஸ் வராது, தன்னையும் நாளை மறுநாள் கீழே அனுப்பிவிடுவார்கள். ஒரு மரத்துக்கு சர்க்கார் முப்பத்தைந்து ரூபாய் தரும், அதுவும் உடனே வராது, மாதக்கணக்கில் ஆகும்.

சீரங்காயி கடப்பாரையைத் தரையில் குத்தி நிறுத்திவிட்டு முதன்முறையாக நிமிர்ந்தாள்.

"மரம் நின்னா நீ போயிருவ. சரி. மரம் போனா நான் எதச் சொல்லிக்கிட்டு எங்கண்ணன் ஊட்டுக்குப் போவேன்? சும்மா போயி நின்னு விருந்து தின்னுட்டு வர நான் என்ன ஒறம்பரையா?"

  காற்று அடித்துக்கொண்டிருந்தது. போகலாம் என்று நான் கோமதியின் முந்தானையை இழுத்தேன். அவள் நகரவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியலீங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்," என்றாள்.

சீரங்காயி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள். பிறகு அவள் சொன்ன கணக்கு இது. ஒருத்தியின் மரத்தை யார் எடுக்கிறார்களோ அவர்கள் அவளுக்குப் பிறந்த வீடு ஆகவேண்டும். வருஷா வருஷம் பலாக்காலத்தில் மரம் நின்ற இடத்துக்கு வந்து, தங்கள் கையால் சமைத்து அவளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டு, ஒரு சீலை கொடுக்க வேண்டும். அது இருந்தால் அவள் அண்ணன் ஊருக்கு வருஷந்தோறும் உரிமையோடு வரலாம். பணத்தால் தீர்க்கிற கணக்கில்லை.

சர்க்காரில் அப்படியொரு விதி இல்லை என்றாள் கோமதி.

"சர்க்காரா வந்து கேட்டுச்சு? நீதான கேட்ட. எடுக்கறவ நீதான்."

நான் நடுவில் விழுந்து, இவளுக்கு எந்த ஊருக்கு மாற்றலாகும் என்று தெரியாது, நாளைக்குக் கல்யாணமானால் அந்த வீட்டார் விடுவார்களா, இது என்ன ஆயுசுக்கும் போடுகிற கட்டா என்றெல்லாம் அடுக்கினேன். பேசப்பேச எனக்கே மூச்சு வாங்கியது. கோமதி என்னை முடிக்க விடவில்லை.

"சரிங்க," என்றாள் சீரங்காயியிடம். "வருஷா வருஷம்."

"நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டு அவள் கடப்பாரையைப் பிடுங்கினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கோமதியைத் திட்டினேன். அவள் முன்னால் நடந்தாள். ஒரு மேட்டில் நின்று, இந்தச் சரிவில் எதிர்காலத்தில் ரோடு வந்தால் எந்தப் பக்கம் வளைக்கலாம் என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் ஏன் கேட்கிறாள் என்று கோபம் வந்தது. ஆனாலும் யோசித்து, இடது பக்கம் என்றேன். அவள் சரி என்றாளா, சும்மா தலையாட்டினாளா தெரியாது.

நான்காம் நாள் பெரிய இன்ஜினீயர் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்து வந்ததில் வேர்த்து, கோபமாக இருந்தார். சீரங்காயி வரவில்லை. அவர் முளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மூன்று இடத்தில் தானே குழாய் வழியாகப் பார்த்தார்.  மரத்தடிக்கு வந்ததும் நின்றார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் குரல் ஏறியது. இவள் குரல் ஏறவில்லை. நான் பாறை மேல் உட்கார்ந்து, அறுந்த செருப்பின் நாரை முறுக்கிக்கொண்டு, சீரங்காயி வரக்கூடாது என்றும் வந்துவிட வேண்டும் என்றும் மாறி மாறி நினைத்தேன்.

அப்போது எதிர்மேட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். சீரங்காயியும் அவள் புருஷனும் உறவுக்காரப் பெண்கள் சிலரும், கூடைகளோடு. வந்தவள் யாரையும் கும்பிடவில்லை. அண்ணனை மட்டும் ஒருதரம் பார்த்தாள். சடையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் புருஷன் மரத்தில் ஏறி, பழம் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கினான். பழுக்காததையும் இறக்கினான். கூடைகள் நிறைந்தன. ஒரு பழத்தை அங்கேயே பிளந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, சுளை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தாள் சீரங்காயி. கோடாலிக்காரர்களுக்கும், மேஸ்திரிக்கும். பெரிய இன்ஜினீயருக்கும் கொடுத்தாள். அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர்ப் பலாவில் நார் அதிகம். இது தேனில் போட்டு எடுத்தது மாதிரி இருந்தது.  

பிறகு அவள் கோமதியிடம் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அந்த மேட்ட நான் தாண்டற வரைக்கும் கோடாலி படக்கூடாது. சத்தம் எங்காதுல உழுகக்கூடாது கண்ணு."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கோடாலிக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லாமலே எழுந்தார்கள். கோமதி கையை உயர்த்தி, நில்லுங்கள் என்று காட்டினாள். பெரிய இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவர் இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டும். மேடு நீளமாக இருந்தது. கூடைகள் கனம். அந்தப் பெண்கள் ஓரிடத்தில் கூடையை இறக்கி வைத்துச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டார்கள். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கோமதி தமிழில் பதில் சொன்னாள். "இன்னும் தாண்டலை சார்."

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். கையில் இருந்த இரண்டாவது சுளையைத் தின்னத் தொடங்கினார். முந்தாநாள் இதே ஆட்கள் இதே மரத்தடியில் உட்கார்ந்து இவளைக் காக்க வைத்தார்கள். இன்று இவள் எல்லாரையும் காக்க வைத்துக்கொண்டு நின்றாள். கோமதியைப் பார்த்தேன்.  உயர்த்திய கை இறங்கவில்லை. இவளை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். இவள் யார் என்று எனக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை.

கடைசிக் கூடை மேட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு கையை இறக்கினாள். முதல் கோடாலியைச் சடையன் எடுத்தார்.

பெரிய இன்ஜினீயர் புறப்படும்போது அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரோட்டை அகலப்படுத்த மேல்பக்கப் பாறைக்கு வெடிமருந்து அடுத்த மாசம் வருமாம்," என்றாள். அவ்வளவுதானா, நீ இருக்கலாமா என்று சொல்லவில்லையா என்றேன். "போறவகிட்ட வெடிமருந்து பத்தி எதுக்குக்கா சொல்லணும்?" என்றாள். அதிலிருந்து நானே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. கும்பகோணத்துப் பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்தது.

அடுத்த வருஷம் கோமதியும் நானும் போனோம். அதற்கடுத்த வருஷம் அவள் ஒரு அணைக்கட்டு வேலைக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். ஆனி மாதம் அங்கே தண்ணீர் வருகிற நேரம், லீவு கிடையாது. எனக்கு மணியார்டர் அனுப்பி, அக்கா நீ போய் வா என்று எழுதினாள். நான் தனியாக எங்கும் போனவள் இல்லை. ஆனாலும் போனேன். இப்போது காரவள்ளியிலிருந்து பஸ் மேலேயே போகிறது. வளைவில் கண்ணை மூடிக்கொள்வதை நான் இன்னும் விடவில்லை. வெள்ளச்சி வீட்டு அடுப்பில் நானே சமைத்து, ரோட்டோரத்தில் இலை போட்டுச் சீரங்காயிக்குப் பரிமாறினேன். எங்கள் ஊர்ச் சாம்பாரை ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, மிளகு வாங்கக் காசில்லையா அம்மிணி என்று கேட்டாள். சீலையைப் பிரித்துக் கரையைத் தடவி, போன வருசத்துது சாயம் போயிருச்சு, இது பரவாயில்ல என்றாள். பஸ் ஒன்று எங்களைத் தாண்டி ஊருக்குள் போயிற்று. அது மூச்சு வாங்கவில்லை.

இந்த வருஷமும் போய்வந்தேன். சீரங்காயி கரை அகலமாகக் கேட்டதால் சீலை விலை கூடிவிட்டது. பஸ் சார்ஜும் ஏறிவிட்டது. அரிசியும் பருப்பும் நான் இங்கிருந்தே கொண்டுபோனேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கோமதி அனுப்பிய மணியார்டர் போக, அவள் எனக்கு இன்னும் தரவேண்டிய பாக்கி ஒன்பது ரூபாய் நாற்பது பைசா.